வழியம்பலம் எழும்பும்வரை எங்கள் மதில்

பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் பாதி வேலை, மற்றவர்கள் நல்லெண்ணத்தோடு செய்ய வரும் காரியங்களைத் தடுப்பது. சிமெண்ட் பூசவிடக்கூடாது, பெயிண்ட் அடிக்கவிடக்கூடாது, ஆசிட் ஊற்றிக் கழுவவிடக்கூடாது. மீதிப் பாதி வேலையை அந்தத் தொழிலில் இருக்கும் உத்தியோகஸ்தரின் மனைவி செய்கிறாள். அவளுக்குச் சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்ட சகோதரிகள் யாராவது இருந்தால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் நாகர்கோவிலில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், அழுக்கைக் கண்டால் தேய்க்க வேண்டும் என்று வளர்ந்தவள். எனக்கு வாய்த்தவரோ திருவனந்தபுரத்தில் பழங்காலக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் ஓவர்சியர். இருநூறு வருஷத்துக்கு உட்பட்ட எதுவும் இவருக்குப் புதுசு. கல்யாணமான புதிதில் ஒரு மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். தூணில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்ததைப் பார்த்து, "ஒரு கை சோடா உப்பும் தேங்காய் நாரும் குடுங்க, அரைமணி நேரத்துல பளிச்சுன்னு ஆக்கிடறேன்" என்றேன். கையில் கத்தியோடு நிற்கும் குழந்தையைப் பார்க்கும் தாய் மாதிரி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து கல் விஷயத்தில் என்மேல் இவருக்கு ஒரு கண்.

எழுபதுகளின் நடுவில் நடந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே, தெற்கேயிருந்து சாலை பஜாருக்குப் போகும் ரோட்டின் ஓரத்தில், ஒரு வழியம்பலம் இருந்தது. வழிப்போக்கர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய சின்னக் கல் மண்டபம். அதன் முன்னால் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டது. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம். போகும்போது தலையைக் கொடுத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

சார் தந்த வாக்கு

ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம், வழியம்பலம் போயாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. இவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இடிக்க வேண்டாம், கல் கல்லாகப் பிரித்துப் பின்னால் இருக்கும் புறம்போக்கில் அதே மாதிரி நிறுத்தித் தருகிறோம் என்று அனுமதி வாங்கினார். ஒரு நிபந்தனை. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் கற்கள் ரோட்டு வேலைக்காரர்களுக்கு. அவர்கள் அதை ஓடை மூடப் போட்டுக்கொள்வார்கள்.

ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு இவர் இதை விளக்கினார். டீக்கடை பாஸ்கரன் கைகட்டிக் கேட்டார். பக்கத்து வீட்டு சரோஜினியம்மா கொட்டாவி விட்டார். விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கூடை இறக்குவார்கள். அவர்களில் மூத்தவள் மரியபுஷ்பம். அவள்தான் வாயைத் திறந்தாள். "சாரே, கவர்மெண்டு பிரிச்சிட்டுத் திரும்பக் கெட்டின ஒண்ணையும் நான் கண்டிட்டில்லா" என்றாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மழைக்கு முன்னால இது திரும்ப நிக்கும். இது என் வாக்கு" என்றார். "அதுவரைக்கும் நாங்க எங்க இறக்கி வைக்கும்?" என்று அவள் கேட்டாள். இவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டு மதிலைப் பார்த்தார்.

நாங்கள் சைவம். எங்கள் வீட்டில் வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை எட்டிப் பார்க்காது. மறுநாள் காலை வாசல் தெளிக்க வந்தால், மதில்மேல் வரிசையாக நெத்திலி, சாளை, அயலை. மதிலுக்கு உள்பக்கம், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காக, ஊர்ப் பூனைகள். நான் இடுப்பில் கைவைத்து நின்றதைப் பார்த்து மரியபுஷ்பம் தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டே மிகவும் அன்பாகச் சொன்னாள்: "முகம் கோணாதே சேச்சி. சாரு வாக்கு தந்தாச்சு. அம்பலம் வர்ற வரைக்கும் உங்க மதிலுதான் எங்க அம்பலம்."

ஒரு சாக்கு கடுக்காய்

கூரைக் கற்களின் இடுக்கை அடைக்கச் சுண்ணாம்புதான் வேண்டும், சிமெண்ட் கூடாது. அந்தச் சுண்ணாம்பையும் சும்மா பச்சைத் தண்ணீரில் குழைத்தால் போதாதாம். கடுக்காயும் கருப்பட்டியும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டுமாம். ஊறப்போடும் இடம் என் புழக்கடை. வாங்கிவர ஆளும் நான்தான். "ஆபீஸ் மூலமா வாங்கினா அடுத்த இடவப்பாதிக்குத்தான் வரும்" என்றார் இவர். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சாலை பஜாரில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் நாட்டு மருந்துக் கடை. முதல் வாரம் ஒரு கிலோ வாங்கினேன், மாதிரி பார்ப்பதற்கு. பிறகு ஐந்து கிலோ. மூன்றாம் முறை போய், "ஒரு சாக்கு முழுசா வேணும், இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வந்தார். பக்கத்தில் குனிந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில் கேட்டார்: "யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. வீட்டுல யாருக்கு இம்புட்டு நாளா வயிறு இறங்கல?"

கட்சிப் பற்று

வருஷக்கணக்காக மீன் கூடையிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சுமைதாங்கியின் படுக்கைக் கல் பொருக்கு விட்டிருந்தது. கையால் தடவினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உப்பை வெளியே இழுக்காமல் திரும்ப நிறுத்தினால் இரண்டே மழையில் பிளந்துவிடும் என்று இலாகாவின் கெமிஸ்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். வைத்தியம் என்னவென்றால், பழைய செய்தித்தாளை ஊறவைத்து, கூழாக அரைத்து, தலைக்கு மருதாணி அப்புவது போலக் கல்லில் அப்ப வேண்டும். காயக் காய உப்பை இழுத்துக்கொண்டு அதுவே உதிர்ந்து விழும். அரைப்பது எதில் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்கே தெரியும். அந்த வாரம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது.

எங்கள் வீட்டுப் பேப்பர் கல்லின் ஒரு பக்கத்துக்குக்கூடப் போதவில்லை. டீக்கடை பாஸ்கரன் தங்கள் கட்சிப் பத்திரிகையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்தார். அதைக் கேள்விப்பட்டதும் சரோஜினியம்மா, எதிர்க்கட்சியை ஆதரிக்கும் தன் வீட்டுப் பத்திரிகையை இன்னும் பெரிய கட்டாக அனுப்பினார். ஆனால் இரண்டையும் ஒரே உரலில் போட்டு அரைக்க இருவருமே சம்மதிக்கவில்லை. ஊர் ஒற்றுமையை உத்தேசித்துத் தனித்தனியாக அரைத்து, கல்லின் கிழக்குப் பாதியில் ஒன்றும் மேற்குப் பாதியில் ஒன்றும் அப்பினேன். வெயிலில் காய்ந்து இரண்டும் உதிர்ந்த அன்று பாஸ்கரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பக்கத்துப் பொருக்கையும் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னிடம் ஜெயித்த முகத்தோடு சொன்னார்: "எங்க பத்திரிகை இழுத்த உப்புதான் கூடுதல், கேட்டோ சேச்சி!"

பதினாலாம் நம்பர் அடுப்பு

பிரித்த கல் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டு, பின்னால் இருந்த மைதானத்தில் இவர் அடுக்கி வைத்திருந்தார். பெரிய கற்கள் ஒரு பக்கம். சந்துகளில் முட்டுக் கொடுத்திருந்த, ஒரு ஆள் தூக்கக்கூடிய சின்னக் கற்கள் ஒரு பக்கம். தினமும் சாயங்காலம் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவார். சொந்தப் பிள்ளைகளின் பரீட்சை மார்க்கு எத்தனை என்று இவருக்குத் தெரியாது. எந்தக் கல்லுக்கு எது பக்கத்துக் கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கும்ப மாதம், நம்முடைய மாசி, வந்தது. திருவனந்தபுரத்தில் கும்ப மாதம் என்றால் பொங்காலை. அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கும் நாள். நானும் எங்கள் வாசலில் பானையோடு உட்கார்ந்திருந்தேன். சரோஜினியம்மா அதிகாலையிலேயே எனக்கும் சேர்த்து அடுப்புக்கல் கொண்டுவந்து வைத்திருந்தார். நல்ல மனுஷி. கோவிலிலிருந்து தீ வந்து, அடுப்புக்கு அடுப்பு பற்றி, தெரு முழுக்கப் புகையாகிவிட்ட நேரத்தில் மைதானத்துப் பக்கமிருந்து இவர் ஓடிவந்தார். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். "சின்னக் கல்லு ஒண்ணையும் காணோம்!" என்றார். பிறகு ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து புகைக்குள் தலையை விட ஆரம்பித்தார். பெண்கள், சார் புண்ணியத்துக்கு விறகு தள்ளிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து இடம் விட்டார்கள். கருங்கல்லில் தீ பட்டால் வெடிக்கும். தெருவில் அங்கங்கே 'டப்', 'டப்' என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் என் பானைக்குக் கீழே பார்த்தேன். கரி ஏறிய வெள்ளைப் பெயிண்டில், பதினாலு.

பானையை இறக்கச் சொன்னார். பொங்காமல் இறக்கக்கூடாது என்றேன். "எப்போ பொங்கும்?" "பொங்கும்போது பொங்கும்." வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பொறுமையாகவும் இவர் பொறுமையில்லாமலும் இருந்த அரைமணி நேரம் அது. ஒவ்வொரு பானையாகப் பொங்கி, குரவை கேட்கக் கேட்க, இவரும் பாஸ்கரனும் சாக்குத் துணியோடு நின்று கற்களை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். ஏழெட்டுக் கல் வெடித்துவிட்டது. ஒன்று, பெரிய தூணுக்கு முட்டுக் கொடுப்பது. இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சரோஜினியம்மா அவர் பக்கத்தில் ஒரு வாழையிலை பாயசத்தை வைத்து, ஆறுதலாகத்தான் சொன்னார்: "சாரே, கல்லுக்கு நம்பர் இட்டது எத்தர நன்னாச்சு! இந்த வருஷம் 'உன் அடுப்பு, என் அடுப்பு'ன்னு ஒரு வழக்குகூட உண்டாகல்லே."

கான்கிரீட் யோசனை

கல் வெடித்த செய்தி மேலே போனது. ஒருநாள் காலை பெரிய எஞ்சினியர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் செருப்பு. மைதானத்துக் கற்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மேடமாதம், அதாவது சித்திரை, பிறந்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, "ஓவர்சியரே, இது மழைக்கு முன்னால் தீராது. விட்டுவிடுங்கள். கான்கிரீட்டில் அழகாக ஒரு பஸ் ஷெல்ட்டர் போட்டுவிடலாம். இந்தக் காலத்தில் தலைச்சுமையோடு யார் சார் நடக்கிறார்கள்?" என்றார். இவர் ஊர் முன்னால் வாக்குக் கொடுத்த மனுஷன். காலையில் பல் தேய்க்கும்போதுகூட ஜன்னல் வழியாக அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு தேய்க்கிறவர். மேலதிகாரி முன்னால் வாய் வரவில்லை.

இலாகாவுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. எனவே எனக்கு வாய் வந்தது. கன்னியாஸ்திரீகள் கற்றுத் தந்த இங்கிலீஷில், அவர்கள் கற்றுத் தந்த புன்னகையோடு, அவரை ஜன்னல் பக்கம் கூப்பிட்டேன். மதில்மேல் எட்டுக் கூடை. "தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் இவர்கள்தான். பஸ் ஷெல்ட்டரில் சுமை இறக்க இடம் இருக்காதல்லவா? எனக்கு ஆட்சேபமில்லை. உங்கள் குவார்ட்டர்ஸும் இதே ரோட்டில்தானே? மதிலும் நல்ல அகலம், நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையிலிருந்து இவர்களை அங்கே அனுப்பி வைக்கிறேன்" என்றேன். மரியபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் எந்தத் திசையில் கை காட்டினேன் என்பது தெரிந்தது. கூடையை விட்டு எழுந்து, "சாரு வீட்டுல பூனை உண்டோ?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

பெரிய எஞ்சினியர் காபியை முழுசாகக் குடிக்கவில்லை. காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி இவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஓவர்சியரே, கூட எத்தனை ஆள் வேண்டும்?"

வெள்ளைப் பல்

வெடித்த கற்களுக்குப் பதிலாகப் புதுக்கல் வந்தது. கல்தச்சர், பழைய கல்லைப் போலவே மூலை மழுக்கி, கொஞ்சம் சாணியும் புகையும் காட்டி, பழசாக்கித் தருகிறேன் என்றார். இவர் கூடவே கூடாது என்றுவிட்டார். புதுசு புதுசாகத்தான் தெரிய வேண்டும், பின்னால் வருகிறவனை ஏமாற்றக்கூடாது, அது இந்தத் தொழிலின் தர்மம் என்றார். ஆக, கறுத்துப்போன தூண்களுக்கு நடுவே அங்கங்கே பளீரென்று வெளுத்த கற்கள். ஊரே வந்து நின்று பார்த்தது. இவர் தர்மத்தை முதலிலிருந்து விளக்கினார். சரோஜினியம்மா முழுவதையும் கேட்டு, தலையை ஆட்டி, பிறகு என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாம் சரி. என்றாலும் எங்க மாமியார் பல் செட்டு வெச்சுச் சிரிச்சது போல உண்டு."

எட்டாத உயரம்

தூண்களைப் புது இடத்தில் நிறுத்துவதற்கு முன்பே, பிரிப்பு வேலையில் கடைசியாக, வழியம்பலத்தின் அடிக்கற்களையும் சுமைதாங்கியின் கால்களையும் பெயர்த்திருந்தார்கள். ரோட்டின்மேல் ரோடு போட்டுப் போட்டு அங்கே தரை உயர்ந்திருந்தது. தோண்டத் தோண்ட, மண்ணுக்கடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு கல் வரிசை முழுசாகப் புதைந்து கிடந்தது. அதில் சுற்றிலும் தாமரை இதழ். மூக்கு முழி ஒன்றும் உடையாமல், நேற்றுச் செதுக்கியது மாதிரி. இவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். குழிக்குள் உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாக மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "இது இங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாதுட்டி செண்பகம்" என்றார். என் பிரசவங்களின்போது அந்த முகத்தை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

புது இடத்தில் அந்த வரிசை முழுக்கத் தெரியும்படி, ஆதியில் கட்டினவன் வைத்த அதே உயரத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றினார். வழியம்பலமும் உயர்ந்தது, சுமைதாங்கியும் உயர்ந்தது. செயின் கப்பி போட்டுக் கூரைக்கல் ஏற்றி, கடுக்காய்ச் சுண்ணாம்பு அடைத்து, கடைசிக் கல்லும் உட்கார்ந்தபோது தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால். வாக்கு நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை இவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சுமைதாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். பாஸ்கரன் இலவச டீ போட்டார். மரியபுஷ்பம்தான் முதலில் இறக்க வேண்டும் என்று மற்ற பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்து, பழக்கப்படி கழுத்தை முன்னால் கொடுத்தாள். கூடையின் அடிவிளிம்பு கல்லில் போய் இடித்தது. ஒரு எட்டு பின்னால் போய், குதிகாலை உயர்த்தி, திரும்பக் கொடுத்தாள். திரும்பவும் இடித்தது. சாளை இரண்டு நழுவி விழுந்தது. கல் முன்பைவிட ஒன்றரைச் சாண் கூடுதல் உயரத்தில் இருந்தது. அவள் கூடையோடு மெதுவாகத் திரும்பி, ரோட்டைக் கடந்து, எங்கள் மதிலுக்கு வந்து இறக்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். இவர் கூடவே வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "சாரு நல்லாத்தான் கெட்டியிருக்கு. எங்க தலைதான் எட்டல்லா."

அன்று மத்தியானம் இலையில் போட்டது போட்டபடி இருந்தது. "அதுதான் அதோட சரியான உயரம்" என்றார், சாம்பாரைப் பார்த்து. எனக்குப் பொறுமை போய்விட்டது. "யாருக்குச் சரி? அந்தக் காலத்துல உப்பும் அரிசியும் சுமந்தவன் ஆம்பிளை. அவன் உயரத்துக்கு வெச்சான். இப்ப சுமக்கறது இவங்க. ரோடு உயர்ந்து உயர்ந்து அந்தக் கல்லு இவங்க உயரத்துக்குத் தானா இறங்கி வந்துது. நீங்க அதைத் திரும்பத் தூக்கி வெச்சிருக்கீங்க." "படி போடலாம்." "தலையில முப்பது கிலோ மீனோட படி ஏறிப் பாருங்க." சோற்றை இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு, "சுத்தி மண்ணைப் போட்டு உயர்த்தினா அந்தத் தாமரை பூராவும் மறைஞ்சிரும்" என்றார். என் நாக்கு கூரானது என்று ஊரில் பேர். அப்போது அது எப்படியோ கொஞ்சம் மழுங்கி, "இத்தனை காலமும் மண்ணுக்குள்ளதானே ஒரு இதழ்கூட உடையாம இருந்துது? வெளிய வெச்சா நாளைக்கே அதுல ஒருத்தன் வெத்தலைச் சுண்ணாம்பு தடவுவான்" என்றது. இவர் சாம்பாரிலிருந்து தலையைத் தூக்கி, கெமிஸ்டைப் பார்ப்பது போல மரியாதையாக என்னைப் பார்த்தார்.

சாயங்காலமே மண் வண்டி வந்தது. போட்டோக்காரரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். முதலில் தாமரை வரிசையை ஒட்டிச் சலித்த ஆற்று மணலைத் தன் கையாலேயே போட்டார். பின்னால் எவனாவது தோண்டினால், மணல் வந்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவான் என்றார். அதன்மேல் மண். அதன்மேல் செம்மண் போட்டு இடித்தார்கள். பாஸ்கரன் இடித்தார். சரோஜினியம்மாவின் மருமகன் இடித்தான். ஒரு பக்கத்தை நான் இடித்தேன். தேய்க்கத்தான் கூடாதே தவிர, இடிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. முதல் மழைத்துளி விழும்போது, உயர்த்த வேண்டிய ஒன்றரைச் சாணில் பாதி வரை தரை வந்திருந்தது. மழையோடேயே மீதியையும் முடித்தோம்.

விடிந்தபோது மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இவர் இந்தத் தடவை பக்கத்தில் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றார். மரியபுஷ்பம் வந்தாள். எங்கள் மதிலை ஒரு பார்வை, கல்லை ஒரு பார்வை. பிறகு போய்க் கழுத்தைக் கொடுத்தாள். கூடை யார் கையும் படாமல் கல்மேல் வழுக்கி ஏறி, கனமாக உட்கார்ந்தது. அவள் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, சும்மாட்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவே கேட்க என்னைப் பார்த்துக் கத்தினாள்: "சேச்சியே! சாரு வாக்கு கல்லுல ஏறியாச்சு! இனி உங்க மதில வெள்ளையடிச்சுக்கோ!"

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் ஒரு கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினால், எந்தப் பழைய நிலை என்று தலையில் கூடையோடு நிற்கிறவளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவள் உங்கள் மதிலுக்குத்தான் வருவாள்.